பதினொன்று நாற்பது

கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்,
கேட்டதைக் கேட்டபடி கொடுப்பேன் என்று
சத்தியம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
ரொறன்ரோ. நான்காம் மாடி.
ஜன்னல் இல்லாத அகதி விசாரணை அறை.
எல்லோருடைய சப்பாத்திலிருந்தும்
உப்புப் பனி கம்பளத்தில் உருகிக்கொண்டிருந்தது.

சுகிர்தா குணநாயகம், முப்பத்தொரு வயது.
தபாற்கந்தோரில் முத்திரை குத்தியவர்.
மெமரி கார்டைப் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்து
முட்கம்பி முகாமைக் கடந்து வந்தவர்.
மேசையில் அவர் எடுத்த பத்தொன்பது படங்கள்.
சாட்சிப்பொருள் ஏழு.

உறுப்பினர் பொல்லாதவர் அல்ல.
இருமல் மிட்டாயைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு
ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

ஐஸ்கிரீம் வாளியோடு கஞ்சிக்கு நிற்கும் வரிசை.
கமராவைக் கண்டதும்
கடைசி ஆள் விரலால் தலை சீவுகிறார்.

மண் நிரப்பித் தைத்த கூறைச் சேலை.
சரிகைக் கரை வெளியே தெரியும்படி
யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்.

தறப்பாள் கூடாரத்து வாசலில் ஒரு கோழி.
கோழியை ஏன் எடுத்தீர்கள்?
"அது எங்கட கோழி இல்லை.
மாத்தளன் வரைக்கும் எங்களோட இடம்பெயர்ந்து வந்தது."
கொடுத்தேன்.
'இடம்பெயர்ந்து' என்பதை ஆங்கிலத்தில்
கோழிக்குப் போட நாக்குக் கொஞ்சம் தயங்கியது.

பன்னிரண்டாவது படம்.
கவிழ்த்த வாளியில் ஒருவர், கழுத்தைச் சுற்றித் துவாய்.
கத்தரிக்கோலோடு ஒருவர்.
கண்ணாடி பிடிக்கும் சின்னப் பெடியன்,
கண் கூசி, முன்பல் இல்லாத சிரிப்பு.
பின்னால் முழுக்கத் தறப்பாள். வானம் இல்லை.
மூலையில் செம்மஞ்சள் இலக்கம்: 11:40.

இவர்கள் ஆறுதலாக இருக்கிறார்களே.
இதை ஏன் எடுத்தீர்கள்?

அவர் யோசிக்கவில்லை.
"வெளிச்சம் நல்லா இருந்தது."

கொடுத்தேன், கேட்டபடி.
நாலே சொல் வந்தது.
உறுப்பினர் எழுதிக்கொண்டார்.
எழுதி முடிக்கும்வரை
மிட்டாய் பல்லில் உரசும் சத்தம் மட்டும்.

மத்தியானம் வீடு திரும்புகிறேன்.
விக்டோரியா பார்க் தாண்டினால்
ரயில் நிலத்துக்கு மேலே வந்துவிடும்.
பனியில் பட்ட வெயில் முகத்தில் அடித்தது.
மேம்பாலக் கம்பத்தின் நிழல்
ஒரு தெருவைக் கடந்து மறு தெருவரை கிடந்தது.

ஜனவரியில் இங்கே
நடுப்பகலுக்கும் நிழல் நீளம்.
பதினேழு வருடத்தில் பழகிவிட்டேன்.

வன்னியில் பதினொன்று நாற்பதுக்கு
நிழல் உள்ளங்காலுக்குக் கீழேதான் கிடக்கும்.
அந்தப் படத்தில்
கத்தரிக்கோலின் நிழல் தறப்பாளில் ஓர் ஆள் உயரம்.
பெடியனின் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு,
சூரியன் என்று நினைத்திருந்தேன்.
பொட்டுக்கு மேலே ஒரு சின்னக் குடை.

பரா லைற்.
இரவு பதினொன்று நாற்பது.
பகலெல்லாம் பங்கருக்குள் இருந்தவர்கள்
வானத்தில் அவன் கொளுத்திவிட்ட விளக்கில்
அது இறங்கி அணைவதற்குள்
ஒரு பக்கக் காது மயிரை வெட்டி முடிக்கிறார்கள்.
அடுத்தது எரியும்வரை
மற்றப் பக்கம் காத்திருக்கும்.

அவருக்கு அதை விளக்கத் தோன்றவில்லை.
வெளிச்சம் என்றால் வேறென்ன வெளிச்சம்?

திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டு.
குசினி மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று கட்டங்கள்:
படம் அல்லது பக்கம். தவறான சொல். சரியான சொல்.
முதல் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன்.
மூன்றாவதில் 'பரா' என்று எழுதி
வெட்டினேன்.
அவர் சொல்லாத சொல் அது.
கூட்ட மாட்டேன் என்றல்லவா சத்தியம்.

வெளிச்சம் என்றார்.
வெளிச்சம் என்றேன்.

நடுக் கட்டத்தில் பேனா நிற்கிறது.
ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
எழும்பி லைற்றைப் போட
இன்னும் மனம் வரவில்லை.